இங்கிலாந்துப் பள்ளியில் சேர்க்கப்போகிறீர்களா? சேலத்திலேயே திருகாணியைப் பாருங்கள்

சீருடைக்கு அதிகம் அலைய வேண்டாம். சாம்பல் நிற பேன்ட் அல்லது பாவாடை, வெள்ளை போலோ சட்டை, கறுப்பு ஷூ எல்லாம் பெரும்பாலும் அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். சின்னம் போட்ட ஸ்வெட்டரை மட்டும் பள்ளி சொல்லும் இடத்தில் வாங்குங்கள். பழைய சீருடை பள்ளியிலேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே நாலு செட் தைத்துப் பெட்டியை நிரப்பாதீர்கள்.

பிள்ளை மாட்டிக்கொள்வது தோட்டில். பி.இ. எனும் உடற்பயிற்சி வகுப்பில் நகை கூடாது என்பது பெரும்பாலான பள்ளிகளின் விதி. ஓடும்போது இன்னொரு பிள்ளையின் விரல் சிக்கினால் காது மடல் கிழிந்துவிடும், விதி நியாயமானதுதான். நம் ஊரில் தொலையக் கூடாதென்று குறடு போட்டுத் திருகாணியை இறுக்கிவிடுகிறார்கள். எண்ணெயும் சோப்பும் வியர்வையும் சேர்ந்து மரை கெட்டிப்பட்டுப் போகும். ஆறு வயதுப் பிள்ளையால் கழற்ற முடியாது, ஆசிரியரும் தொட மாட்டார். மற்றவர்கள் ஓட, உங்கள் பிள்ளை சுவரோரம் உட்கார்ந்திருக்கும். யாரும் திட்டாததால் வீட்டுக்குத் தெரியவே மாதக்கணக்காகும். கேட்கும்போது வயிறு எரிகிறது.

கிளம்ப ஒரு மாதம் முன்பே சேலம் செவ்வாய்பேட்டையில் நகை செய்பவரிடம் கொடுத்துத் திருகாணியைத் தளர்த்துங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் மரையைத் தேய்த்துக் கழுவுங்கள். கண்ணாடி முன் நின்று தானே கழற்றி, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, திரும்ப மாட்டப் பழக்குங்கள். வரவில்லையா, பி.இ. நாளில் தோடு வீட்டிலேயே இருக்கட்டும். மேலே டேப் ஒட்டினால் போதாது. பந்து பட்டால் தண்டு காதுக்குப் பின்னால் குத்தும்.

காதுகுத்து ஆகவில்லை என்றால் வைகாசிக்குள் முடியுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குத் தள்ளிப்போட்டால், செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது புண் ஆறியிருக்காது. தோட்டைக் கழற்றி வைக்க ஆறு வாரமாவது ஆக வேண்டும், அவசரப்பட்டுக் கழற்றினால் ஓட்டை தூர்ந்துவிடும்.

சேலத்துக் கொலுசுக்கு ஈடு எங்கும் கிடையாது. இருந்தாலும் பள்ளிக்கு வேண்டாம்: கொக்கியில் சாக்ஸ் நூல் மாட்டும், ஷூ ஓரத்தில் அழுந்தித் தோல் உரியும். ஞாயிற்றுக்கிழமை போட்டு வீடெல்லாம் ஓடட்டும்.

கழுத்துத் தாயத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். ஏறி விளையாடும் கம்பியில் மாட்டினால் முறுக்குக் கயிறு அறாது, கழுத்தைத்தான் இறுக்கும். சாமிக்கு வேண்டிக்கொண்டு கட்டியது, கழற்ற மனம் வராது என்றால் அரைஞாணில் கோத்துவிடுங்கள். உடை மாற்றும்போது ஆசிரியர் பார்த்துக் குழம்பாமல் இருக்க, அது என்ன, எதற்கு என்று சேரும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள்.