கடலை என்றால் எந்தக் கடலை?

என் தங்கை மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு காதுகுத்து விருந்தில் அவன் இலையில் புளியோதரை விழுந்ததும், பரிமாறியவரிடம் "அண்ணே, இதுல கடலை போட்டிருக்கா?" என்று கேட்டேன். "கடலைப்பருப்புதாம்மா, வேர்க்கடலை போடல" என்றார். நான் சரி என்று விட்டுவிட்டேன். தங்கை விடவில்லை. "எண்ணெய் என்னண்ணே?" "செக்குல ஆட்டுன கடலெண்ணெய்ம்மா, அசல்!" என்றார் பெருமையாக. பையன் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைத்தான் சாப்பிட்டான்.

முதல் தவறு என் கேள்விதான். கடலை மாவும் பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலைச் சாதி. கடலை மிட்டாயும் கடலை எண்ணெயும் வேர்க்கடலை. யாழ்ப்பாணத்தில் கடலை என்றாலே கொண்டைக்கடலை, வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர். விழுப்புரம் பக்கம் அதுவே மல்லாட்டை. கேட்கும்போது அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எண்ணெயையும் சேர்த்து. ஒவ்வாமையைக் கிளப்புவது புரதம். ரீஃபைண்ட் எண்ணெயில் அது ஏறக்குறைய நீங்கிவிடும், செக்கெண்ணெயில் தங்கும். நாம் கொண்டாடும் அசல்தான் இங்கே ஆபத்து.

வேர்க்கடலை ஆகாதென்றால் முந்திரி, பாதாம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. பூ மேலே பூத்து, அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும் வேர்க்கடலை, துவரைக்கும் உளுந்துக்கும் உறவு. முந்திரி, பாதாம், அக்ரூட் எல்லாம் மரத்துக் கொட்டைகள். இரண்டு வகையும் ஆகாதவர்கள் உண்டு என்பதால், எது ஆகும் என்பதை ஒவ்வாமை மருத்துவரிடம்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே ஒவ்வாமை என்றும் ஆகிவிடாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் அவர் கேட்பார். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது.

முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பாயசத்தைக் கொடுப்பவர்களை என்ன சொல்ல? ஹோட்டல் குருமாவிலும் பன்னீர் பட்டர் மசாலாவிலும் அது விழுதாக அரைபட்டுக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. பாக்கெட் உணவில் வேர்க்கடலையோ மரக்கொட்டையோ இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்பது இந்திய விதி. கடைத் தட்டில் அடுக்கிய பர்ஃபியில் லேபிளை எங்கே தேடுவது?

கைக்குழந்தைக்கு வேர்க்கடலையே காட்டாமல் வளர்ப்பது பழைய யோசனை. 2015-இல் வெளியான லீப் (LEAP) என்ற ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. கடுமையான கரப்பான் என்னும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கிச் சாப்பிட்டு வந்தவர்களில் 3.2 சதவீதத்தினருக்கே ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம். கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். முழுக்கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நைசாக அரைத்துக் கூழில் கலக்கலாம். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு "கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்று வீட்டில் முயல்வது வேறு கதை. அதைச் செய்யவே கூடாது.

உயிரைப் பறிக்கும் தவறு, அவில், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. அவை அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். மூச்சுக்குழாய் இறுகுவதையும் ரத்த அழுத்தம் சரிவதையும் தடுக்காது. குரல் கம்மினால், இளைப்பு வந்தால், கிறுகிறுத்தால், விடாமல் வாந்தி எடுத்தால் வேண்டியது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். அதுவரை படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சு வாங்கினால் உட்காரட்டும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரும் என்பதால், தடிப்பு அடங்கியதுமே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். 108-ஐ அழைக்கும்போது "அலர்ஜி" என்று மட்டும் சொன்னால் அரிப்பு என்று நினைத்துவிடக்கூடும். "மூச்சு விட முடியல" என்பதை முதலில் சொல்லுங்கள்.