லினோ அச்சைத் துணிக்குக் கொண்டுவருவது எப்படி?

லினோ என்ற மெத்தையான தகட்டில் படம் செதுக்கி, மை தடவி ஒற்றுவதுதான் லினோ அச்சு. தாளில் அதை எடுத்துப் பழகியவர்கள் அதே முறையில் துணியிலும் ஒற்றலாம். எங்கள் தென்னாப்பிரிக்க மாகாணமான குவாசுலு-நட்டாலில் 1960களிலேயே ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலைக்கூடத்தில் நெசவுத் தறியும் லினோ அச்சும் ஒரே இடத்தில் வளர்ந்தன. லினோ அச்சுக்குப் பேர்போன நமீபியக் கலைஞர் ஜான் முவஃபாங்கேஜோ அங்கே படித்தவர்தான்.

துணி. புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும். ஷ்வெஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுப் பருத்தித் துணியில் இன்னும் அதிகம், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். சுடுநீரில் சோப்புப் போட்டு அலசி, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். மணத்துக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவம் வேண்டாம், மை பிடிக்காது.

வரைதல். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். தாளில் படம் நான்கு ஓரங்களோடு முடிந்துவிடும். துணியில் ஒவ்வொரு ஓரமும் பக்கத்து அச்சோடு சேர வேண்டும். ஒரு மீட்டர் ஷ்வெஷ்வேயை விரித்துப் பாருங்கள், பூ எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அதை அச்சிடுவது உருண்டையான செப்பு உருளை. நம் கட்டை சதுரம் என்பதால் ஒரு வழி செய்ய வேண்டும்.

10 சென்டிமீட்டர் சதுரத் தாளின் நடுவில், ஓரங்களைத் தொடாமல் ஒரு கறிவேப்பிலைக் கொத்து வரையுங்கள். தாளை நெடுக்காக இரண்டாக வெட்டி, இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி ஒட்டுங்கள். அப்புறம் குறுக்காக வெட்டி, மேல் பாதியைக் கீழேயும் கீழ்ப் பாதியை மேலேயும் மாற்றி ஒட்டுங்கள். கொத்து இப்போது நான்கு மூலைகளுக்குப் போய், நடுவில் வெற்றிடம் இருக்கும். அங்கே இன்னும் சில இலைகளைப் போடுங்கள். இனி கட்டையைத் திருப்பாமல் எந்தப் பக்கத்தில் அடுத்த அச்சை வைத்தாலும் காம்பு காம்போடு சேரும். இதைச் செய்யாமல் துணியில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

செதுக்குதல். பென்சில் பக்கம் லினோவில் படும்படி தாளைக் கவிழ்த்துத் தேயுங்கள். படம் இடவலம் மாறிப் பதியும், அச்சில் நேராகிவிடும். லினோவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். மெல்லிய கோடுகள் துணியில் அடைத்துக்கொள்ளும், அகலமாகவே செதுக்குங்கள். முடிந்ததும் ஓரத்தைச் சரியாக நறுக்கி மரக்கட்டையில் ஒட்டுங்கள்.

ஒற்றுதல். மேசையில் பழைய கம்பளி, அதன் மேல் துணி. புள்ளிக் கோலம் மாதிரி 10 சென்டிமீட்டருக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி வையுங்கள், கட்டையின் மூலை அதில் உட்கார வேண்டும். துணிக்கான மையைக் கண்ணாடியில் ரோலரால் தேயுங்கள். 'சர்ர்' என்று ஒட்டி இழுக்கும் சத்தம் வந்தால் மை பதம். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதிகம். கட்டையைக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, நேராகத் தூக்குங்கள்.

காயவைத்தல். ஒரு நாள் போதும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் இரண்டு நாள் விடுங்கள். பிறகு மேலே மெல்லிய துணி போட்டு, நீராவி இல்லாமல், மை டப்பாவில் சொன்ன நேரம்வரை இஸ்திரி போடுங்கள்.

முதலில் தலையணை உறை செய்து பாருங்கள். சேலை முந்தானைக்குப் போகும்போது கரையை ஒட்டித்தான் தொடங்க வேண்டும், கோணல் அங்கேதான் முதலில் தெரியும்.