தரையிறங்கும் நேரத்தில் மலையை மறக்க வைக்கும் தவறுகள்

இலங்கையில் மஸ்கெலியா பக்கம் போனவர்களுக்கு ஏழு கன்னியர் மலை தெரிந்திருக்கும். 1974 டிசம்பர் 4 இரவு, ஹஜ் பயணிகளோடு கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருந்த டிசி-8 விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். விமானிகள் தாங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தவறாகக் கணித்து உயரத்தைக் குறைத்திருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் அமெரிக்காவில், வாஷிங்டனுக்கு அருகே இன்னொரு விமானம் சீக்கிரமே கீழே வந்து மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள்.

முதல் தவறு இதுதான்: இருக்கும் இடத்தை உறுதி செய்யாமல் உயரத்தைக் குறைப்பது. எந்தத் தூரத்தில் எவ்வளவு கீழே வரலாம் என்று வரைபடம் சொல்கிறது. ஆனால் அந்தத் தூரம் நமக்குச் சரியாகத் தெரிந்தால்தான் அந்த உயரம் நம்மைக் காப்பாற்றும்.

கொலம்பியாவின் காலி நகர விபத்தை விமானம் ஓட்டப் படிக்கிற ஒவ்வொருவரும் வரி வரியாகப் படிக்க வேண்டும். 1995 டிசம்பர் 20. மயாமியிலிருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த போயிங் 757. விமான நிலையம் இருப்பது இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில். அன்று அங்கே ரேடாரும் இல்லை. சுற்றிப் போகாமல் நேராக வந்து இறங்குகிறீர்களா என்று டவர் (தரையிலுள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கேட்டது, விமானிகளும் சரி என்றார்கள். அதனால் திடீரென்று எல்லாவற்றையும் அவசரமாகச் செய்ய வேண்டியதாயிற்று. ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குத் திரும்ப, கணினியில் ‘ஆர்’ என்ற எழுத்தைத் தட்டினார்கள். பட்டியலில் முதலில் வந்ததோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால், போகோட்டா அருகில் இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். அதைத் தேர்ந்தெடுத்ததும் விமானம் இருட்டில் இடப்பக்கம், மலையை நோக்கித் திரும்பியது.

தவறான எழுத்து எவருக்கும் வரலாம். என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஏதோ சரியில்லை என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. ‘நாம் எங்கே இருக்கிறோம்’ என்று பேசிக்கொண்டார்கள், வலப்பக்கம் திரும்பினார்கள். இவ்வளவும் நடக்கும்போது விமானம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. மோதுவதற்குச் சுமார் 12 விநாடி முன்பு, தரை நெருங்குகிறது என்ற தானியங்கி எச்சரிக்கை ஒலித்தது. மூக்கை உயர்த்தி முழு விசையும் கொடுத்தார்கள், ஆனால் இறக்கைமேல் விரித்த ஸ்பீட் பிரேக்கை, அதாவது வேகத்தைக் குறைக்கும் தகடுகளை, மடக்கவில்லை. 159 பேர் இறந்தார்கள், 4 பேர் பிழைத்தார்கள். குழப்பம் என்று தெரிந்த நொடியே இறக்கத்தை நிறுத்தி, அந்தப் பகுதிக்கான பாதுகாப்பு உயரத்துக்கு ஏற வேண்டும். வழியைத் தேடுவதெல்லாம் அப்புறம்தான். நேர்வழி தருகிறேன் என்று டவர் சொன்னாலும், தயாராக நேரமில்லை என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்ல விமானிக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது உயரமானி. அன்றைய காற்றழுத்தத்தை அதில் சரியாக வைக்காவிட்டால் அது பொய் சொல்லும். 2022 மே மாதம் பாரிஸில் ஒரு ஏ320 விமானத்துக்கு 1001 என்பதற்குப் பதில் 1011 என்று கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து எண் வித்தியாசத்தால் விமானம் ஏறத்தாழ 280 அடி தாழ்வாக வந்தது. மழை, மேகம். ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்பு தரையிலிருந்து வெறும் 6 அடி உயரத்தில் இருந்து, மறுபடி மேலே ஏறித் தப்பியது. தூரத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டாலும் இந்தப் பிழை பிடிபடாது, ஒப்பிடுவதே அந்தப் பொய்யான உயரமானியோடுதானே! டவர் சொன்ன எண்ணை, பதிவு செய்து ஒலிபரப்பும் வானிலைத் தகவலோடு வைத்துப் பார்ப்பதுதான் வழி.

சரி, ரேடியோ உயரமானியை நம்பலாமா? ரேடியோ அலையைத் தரைக்கு அனுப்பி உயரத்தை அளக்கும் அது, நேர் கீழே மட்டும்தான் பார்க்கும். 2010-இல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் போலந்து அதிபர் சென்ற விமானம் பள்ளத்தாக்கின் மேல் வந்தபோது, அந்தக் கருவியின் எண்ணைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது காட்டியது பள்ளத்தின் தரையிலிருந்து இருந்த உயரம், ஓடுபாதையிலிருந்து இருந்த உயரம் அல்ல. 96 பேரும் இறந்தார்கள்.

கடைசியாக, ‘புல் அப்’ (மேலே இழு) என்ற தானியங்கி எச்சரிக்கைக் குரல் கேட்டும் யோசித்துக்கொண்டிருப்பது. அதே ஆண்டு ஜூலை 28, இஸ்லாமாபாத். மார்கல்லா மலையை நோக்கிப் போன விமானத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எச்சரிக்கை ஒலித்தது. ‘சார், மேலே இழுங்கள்’ என்று துணை விமானியும் கேட்டார். முன்பே கேப்டனிடம் கடிந்துரை வாங்கியிருந்த அவர், கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. 152 பேரும் இறந்தார்கள். புறப்படும் முன் நடக்கும் பேச்சிலேயே கேப்டன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: “அந்தக் குரல் கேட்டு நான் இழுக்கவில்லை என்றால், நீங்கள் இழுங்கள். என் அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள்.”