கூலன்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள்

கூலன்ட் என்பது கார் இன்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம். டேங்கில் பச்சையாக இருக்கிறது, அதனால் பச்சை கூலன்ட்டே வாங்கி ஊற்றிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிறம் வெறும் சாயம்தான். எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட விதி ஒன்றும் கிடையாது. பச்சையாக இருக்கும் இரண்டு டப்பாக்களுக்குள் இரண்டு வேறு வகைக் கூலன்ட் இருக்கலாம்.

கூலன்ட்டின் அடிப்படை பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் என்ற திரவம். துருவையும் அரிப்பையும் தடுக்கச் சேர்க்கும் பொருட்களில்தான் வகைகள் பிரிகின்றன. பழைய ஐஏடி (IAT) வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். அவை சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். கரிம அமிலங்கள் உள்ள ஓஏடி (OAT) சுமார் 5 ஆண்டு தாங்கும். இரண்டின் கலப்பு ஹெச்ஓஏடி (HOAT). அதிலும் கடின நீரோடு சேர்ந்தால் பாஸ்பேட் படிந்துவிடும் என்று ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் அதை ஒதுக்கினார்கள். வாட்டர் பம்ப் சீல் தேய்ந்துவிடும் என்று ஜப்பானியர்கள் சிலிகேட்டை ஒதுக்கினார்கள். அதனால் காரின் கையேட்டில் எந்தத் தர எண் போட்டிருக்கிறதோ, அதே எண் டப்பாவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எல்லா கார்களுக்கும் ஏற்றது’ என்ற வாசகம் அதற்கு ஈடாகாது.

அடுத்த தவறு, கான்சன்ட்ரேட்டை, அதாவது தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட்டை, அப்படியே ஊற்றுவது. கெட்டியாக இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் கிளைகாலைவிடத் தண்ணீர்தான் கெட்டிக்காரன். உறைவதிலும் இதே கதைதான்: சுத்தமான எத்திலீன் கிளைகால் சுமார் மைனஸ் 13 டிகிரி செல்சியஸிலேயே உறையும், சரிபாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். ரெடிமிக்ஸ் என்றால் ஏற்கெனவே தண்ணீர் கலந்தது, மறுபடி கலந்து நீர்த்துப்போகச் செய்யாதீர்கள். இரண்டு டப்பாவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கலப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

உள்ளே என்ன வகை இருக்கிறது என்றே தெரியாத பழைய கார் கைக்கு வந்தால், மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்காமல் முழுவதும் வடித்து, உள்ளே அலசிக் கழுவி (ஃப்ளஷ் செய்து), புதிதாக நிரப்புங்கள். சேராத வகைகள் கலந்தால் அரிப்புத் தடுப்பு சீக்கிரம் தீரும், சில சமயம் கூழ் போலத் திரண்டு வழியை அடைக்கும். வழியில் அளவு குறைந்து வேறு வழியில்லை என்றால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். அப்புறம் கலவையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது, அதை எந்தக் கூலன்ட்டும் சரிசெய்யாது.

எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் உயிரே போகலாம். உடனே துடைத்துவிடுங்கள், மீதியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.