கிளமிடியாவும் மனுஷ செல்லும்: ஒரே டேட்டாவுல ரெண்டு பேரோட ஜீன் எக்ஸ்பிரஷனையும் பாக்கிறது எப்படி

சென்னையில பயோடெக்கோ மைக்ரோபயாலஜியோ படிக்கிற பசங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஆர்என்ஏ-சீக் (ஆர்என்ஏவ சீக்வென்ஸ் பண்ணி எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளக்கிற முறை) பண்ணணும்னா முக்கால்வாசி பேர் கேன்சர் டேட்டா பக்கம்தான் போறாங்க. தப்பில்ல, ஆனா லேப் இல்லாம வீட்டுல உக்காந்தே பண்ணக்கூடிய, எனக்கு ரொம்ப பிடிச்ச இன்னொரு டாபிக் இருக்கு. கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸ்ங்கிற பாக்டீரியா மனுஷ செல்லுக்குள்ள புகுந்து அங்கயே வளரும்போது பாக்டீரியாவோட எந்தெந்த ஜீன் வேலை செய்யுது, அதே நேரத்துல அந்த செல்லோட எந்தெந்த ஜீன் ஏறுது இறங்குதுன்னு ஒரே சாம்பிள்ல இருந்து பாத்துடலாம். இதுக்கு டூயல் ஆர்என்ஏ-சீக்னு பேரு. கிளமிடியாவுல 1 மணி நேரம், 24 மணி நேரம்னு ரெண்டு டைம்ல இத செஞ்சு 2013ல ப்ளாஸ் ஒன் பத்திரிகையில ஒரு பேப்பர் வந்துச்சு, அதுக்கப்புறமும் டேட்டா பப்ளிக்கா வந்துட்டுதான் இருக்கு.

இந்த கிருமி சின்ன விஷயம் இல்லங்க. இதோட சில வகைகள் கண்ணுல ட்ரக்கோமா வரவச்சு பார்வையையே பறிச்சுடும், இந்தியா அத பொது சுகாதார பிரச்சனைங்கிற நிலையில இருந்து ஒழிச்சிடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபர்ல தான் அறிவிச்சுது. வேற சில வகைகள் பாலியல் தொற்றா பரவுது, பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் அறிகுறியே தெரியாம உள்ளயே இருந்து கருக்குழாய பாதிச்சு குழந்தையின்மை வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். அறிகுறி காட்டாம செல்லுக்குள்ள எப்படி தாக்குப்பிடிக்குதுங்கிற கேள்விக்கு நேரடியா பதில் தேடுற டேட்டா இது.

முதல்ல கொஞ்சம் பயாலஜி

இத தெரிஞ்சுக்காம சாஃப்ட்வேர் பக்கம் போனா கடைசியில வர்ற டேபிள் புரியவே புரியாது. கிளமிடியாவுக்கு ரெண்டு உருவம் உண்டு. எலிமென்டரி பாடிங்கிறது சுமார் 0.3 மைக்ரான் சைஸ்ல கெட்டியா சுருங்கி இருக்கும், செல்லுக்கு வெளிய தாக்குப்பிடிக்கிறதும் புது செல்லுக்குள்ள நுழையறதும் அதுதான். உள்ள போனதும் ஒரு சவ்வுப் பைக்குள்ள இருந்துக்கிட்டு, சுமார் 1 மைக்ரான் சைஸ்ல ரெட்டிகுலேட் பாடியா மாறி பெருக ஆரம்பிக்கும். அந்த பைக்கு இன்க்ளூஷன்னு பேரு. அப்புறம் திரும்ப எலிமென்டரி பாடியா மாறி, செல்ல உடைச்சோ இன்க்ளூஷன முழுசா வெளிய தள்ளியோ கிளம்பிடும். மொத்த சுத்தும் 48ல இருந்து 72 மணி நேரம். 1998ல வெளியான ஜீனோம் சீக்வென்ஸ்படி இதுக்கு வெறும் 10 லட்சத்து 42 ஆயிரம் சொச்சம் பேஸ், ஏறக்குறைய 900 ஜீன், கூடவே 7.5 கிலோபேஸ்ல ஒரு குட்டி ப்ளாஸ்மிட். மனுஷனுக்கு 300 கோடிக்கு மேல பேஸ், புரோட்டீன் செய்யற ஜீன் மட்டும் சுமார் 20,000.

இந்த சைஸ் வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற பிரச்சனைல பாதி இதனாலதான். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுல நாலு பேர தேடுற மாதிரிதான் ஆரம்ப மணி நேர சாம்பிள்ல பாக்டீரியா ஆர்என்ஏவ தேடுறது.

ஸ்டெப் 1: சரியான டேட்டாவ தேர்ந்தெடுங்க

என்சிபிஐங்கிற அமெரிக்க அரசு அமைப்போட எஸ்ஆர்ஏ, ஜியோ ரெண்டு பப்ளிக் டேட்டாபேஸ்லயும் பாக்டீரியா பேரையும் டூயல் ஆர்என்ஏ-சீக்ங்கிற வார்த்தையையும் போட்டு தேடுங்க. கிடைச்சத உடனே டவுன்லோடு பண்ணாதீங்க, லைப்ரரி, அதாவது சீக்வென்சர்ல போடறதுக்காக சாம்பிள்ல இருந்து எடுக்கிற தொகுப்ப, எப்படி தயார் பண்ணாங்கன்னு முதல்ல படிங்க. மனுஷ எம்ஆர்என்ஏவுக்கு பாலி-ஏ வால் இருக்கும், பாக்டீரியாவோடதுக்கு அந்த மாதிரி நிலையான வால் கிடையாது, அதனால பாலி-ஏ செலக்ஷன் (அந்த வால் இருக்கிற ஆர்என்ஏவ மட்டும் பிடிச்சு எடுக்கிறது) மட்டும் பண்ணின டேட்டான்னா பாக்டீரியா பக்கம் கிட்டத்தட்ட காலின்னு அர்த்தம், அத ஓரமா வச்சிடுங்க. ரைபோசோமல் ஆர்என்ஏவ மனுஷன், பாக்டீரியா ரெண்டுல இருந்தும் நீக்கின டேட்டாதான் வேணும்.

அடுத்து பாக்க வேண்டியது கண்ட்ரோல். கிருமி சேக்காத செல்ல அதே மணி நேரத்துல எடுத்திருக்காங்களா? குறைஞ்சது 3 ரெப்ளிகேட், அதாவது அதே எக்ஸ்பெரிமென்ட்ட தனித்தனியா திரும்ப பண்ணின சாம்பிள், இருக்கா? எம்ஓஐ எவ்வளவு, அதாவது ஒரு செல்லுக்கு எத்தனை கிருமிங்கிற கணக்குல போட்டிருக்காங்க? இத நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. எம்ஓஐ 1னா எல்லா செல்லுக்கும் ஒண்ணு ஒண்ணு போயிருக்கும்னு நினைப்போம், ஆனா பாய்சான் கணக்குப்படி சுமார் 37 சதவீத செல்லுக்கு ஒரு கிருமி கூட போயிருக்காது. அப்ப நீங்க பாக்குற செல் பக்க சிக்னல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல தொற்றே இல்லாத செல்லுங்க கலந்திருக்கு. எம்ஓஐ 3னா அது 5 சதவீதமா குறையுது.

ஸ்டெப் 2: கம்ப்யூட்டர் பத்தி கவலைப்படாதீங்க

ஸ்டார் மாதிரி ஒரு அலைனர, அதாவது சீக்வென்சர் படிச்ச ஒவ்வொரு துண்டும் (ரீட்) ஜீனோம்ல எங்க பொருந்துதுன்னு தேடுற சாஃப்ட்வேர, மனுஷ ஜீனோமோட ஓட்ட சுமார் 30 ஜிபி ரேம் கேக்கும், இத கேள்விப்பட்டதும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு கிளம்பிடாதீங்க. கேலக்ஸின்னு ஒரு இலவச வெப்சைட் இருக்கு, அமெரிக்காவுல ஒரு சர்வர், ஐரோப்பாவுல ஒரு சர்வர், எதுல வேணா அக்கவுண்ட் ஓபன் பண்ணலாம். கமாண்ட் எதுவும் டைப் பண்ண வேண்டாம், எல்லாம் ப்ரவுசர்லயே பட்டன்தான். எஸ்ஆர்ஏ நம்பர குடுத்தா டேட்டாவ அந்த சர்வரே இழுத்துக்கும், உங்க வீட்டு நெட் ஸ்லோவா இருந்தாலும் கரண்ட் போனாலும் வேலை அங்க ஓடிட்டே இருக்கும். புதுசா ஒரு ஹிஸ்டரி ஓபன் பண்ணி ஒவ்வொரு சாம்பிளுக்கும் புரியற மாதிரி பேர் வைங்க, தொற்று-24-ரெப்1, கண்ட்ரோல்-24-ரெப்1ங்கிற மாதிரி.

ஸ்டெப் 3: குவாலிட்டி செக்

ஃபாஸ்ட்க்யூசிங்கிற டூல ஓட்டி ரீடோட தரத்த பாருங்க, ஃபாஸ்ட்பி வச்சு அடாப்டர (லைப்ரரி செய்யும்போது ஒட்டின செயற்கை துண்ட) வெட்டுங்க, மல்டிக்யூசில எல்லாத்தையும் ஒண்ணா பாருங்க. வழக்கமான வேலைதான். ஒண்ணு மட்டும் சொல்றேன், ரெண்டு உயிர் கலந்த டேட்டான்னா ஜிசி க்ராஃப்ல (ரீட்ல ஜி, சி எழுத்துங்க எத்தனை சதவீதம்னு காட்டுறது) ரெண்டு மேடு தெரியும்னு சில பேர் எதிர்பாக்கிறாங்க, ஆனா கிளமிடியா ஜீனோமோட ஜிசி சுமார் 41 சதவீதம், மனுஷ ஜீனோமும் கிட்டத்தட்ட அதே 41. அந்த க்ராஃப்ப வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: ரெஃபரன்ஸ்

ரீட ஒப்பிட்டு பாக்கிற ஜீனோமுக்குத்தான் ரெஃபரன்ஸ்னு பேரு. மனுஷனுக்கு ஹெச்ஜி38ங்கிற ஜீனோம் வெர்ஷன் கேலக்ஸியிலயே இருக்கு. கிளமிடியாவுக்கு என்சிபிஐல இருந்து ஜீனோம் ஃபாஸ்டா ஃபைலும் (சீக்வென்ஸ்) ஜிஎஃப்எஃப் ஃபைலும் (எந்த ஜீன் எங்க இருக்குங்கிற பட்டியல்) இறக்கி அப்லோடு பண்ணணும். எந்த செரோவார்ல, அதாவது கிளமிடியாவோட எந்த உள்வகையில, எக்ஸ்பெரிமென்ட் பண்ணாங்களோ அதோட ஜீனோமையே எடுங்க, ஏ-ல இருந்து சி வரைக்கும் கண் நோய் வகை, டி-ல இருந்து கே வரைக்கும் பிறப்புறுப்பு வகை, எல்1-ல இருந்து எல்3 வரைக்கும் நிணநீர் முடிச்சுக்கு பரவுற வகை. ஃபைல்ல ப்ளாஸ்மிட் சீக்வென்ஸ் இருக்கான்னு பாருங்க, சில அசெம்ப்ளில குரோமோசோம் மட்டும்தான் இருக்கும். அதுல இருக்கிறது 8 ஜீன்தான்னாலும் விட்டுடக்கூடாது, பிஜிபி4ங்கிற ப்ளாஸ்மிட் ஜீன் குரோமோசோம்ல இருக்கிற சில ஜீனையே கட்டுப்படுத்துது.

ஸ்டெப் 5: மேப்பிங்

சொந்தமா பெரிய சர்வர் இருந்தா ரெண்டு ஜீனோமையும் ஒண்ணா சேத்து ஒரே ரெஃபரன்ஸா வச்சு மேப் பண்றதுதான் நல்லது, ஒவ்வொரு ரீடும் தனக்கு பொருத்தமான இடத்துக்கு போயிடும். கேலக்ஸியில ஆரம்பிக்கிறவங்க ரெண்டு கட்டமா பண்ணுங்க. ஹைசாட்2ங்கிற அலைனர்ல ஹெச்ஜி38 மேல மேப் பண்ணி, மேப் ஆகாத ரீட தனி ஃபைலா எழுதுங்கிற ஆப்ஷன ஆன் பண்ணுங்க. அப்படி மிஞ்சின ரீட போடை2ங்கிற இன்னொரு அலைனர்ல குடுத்து கிளமிடியா மேல மேப் பண்ணுங்க. பாக்டீரியாவுக்கு ஏன் ஹைசாட்2வே போடக்கூடாதுன்னா அது இன்ட்ரான் (ஜீனுக்கு நடுவுல இருந்து வெட்டி எறியப்படுற பகுதி) தாண்டி ரீட வெட்டி ஒட்டப் பாக்கும், கிளமிடியா ஜீன்ல இன்ட்ரானே கிடையாது, இல்லாத இடைவெளிய அது உருவாக்கிடும்.

முடிஞ்சதும் தொற்று இல்லாத கண்ட்ரோல் சாம்பிளையும் இதே ரெண்டு கட்டத்துல ஓட்டுங்க. அதுல கிளமிடியாவுக்கு கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். கணிசமா வந்துச்சுன்னா சாம்பிள் கலந்திருக்கு, இல்ல ஏதோ மனுஷ ரீட் தப்பா பாக்டீரியாவுல போய் ஒட்டியிருக்கு. பெரும்பாலும் ரைபோசோமல் ஜீன் மேலதான் அப்படி குவியும், அந்த ஜீன்கள கவுண்ட்ல இருந்து தூக்கிடுங்க. இந்த செக் பண்ணாத ப்ராஜெக்ட்டோட ரிசல்ட்ட நான் நம்ப மாட்டேன்.

ஸ்டெப் 6: கவுண்ட் எடுக்கிறது

ஃபீச்சர்கவுண்ட்ஸ் டூல எடுங்க, ஒவ்வொரு ஜீன் மேலயும் எத்தனை ரீட் விழுந்திருக்குன்னு அது எண்ணும். மனுஷனுக்கு உள்ளயே இருக்கிற அனோடேஷன், அதாவது ஜீன் பட்டியல், போதும். கிளமிடியாவுக்கு வரும்போது டீஃபால்ட்ல விட்டா மாட்டிப்பீங்க. டீஃபால்ட்டா அது எக்ஸான்னு எழுதியிருக்கிற வரிய மட்டும் எண்ணும், ஆனா என்சிபிஐயோட பாக்டீரியா ஜிஎஃப்எஃப் ஃபைல்ல எக்ஸான் வரி டிஆர்என்ஏ, ரைபோசோமல் ஆர்என்ஏ மாதிரி ஜீனுக்குத்தான் இருக்கும், புரோட்டீன் ஜீனுக்கு இருக்காது. ரிசல்ட்ல 900க்கு பதிலா வெறும் நாப்பது சொச்சம் வரிதான் வருதுன்னா காரணம் இதுதான். ஃபீச்சர் டைப்ப ஜீன்னும், ஐடிய லோகஸ் டேக்னும் மாத்துங்க. ரீட் டிஎன்ஏவோட ரெண்டு இழையில எந்த ஸ்ட்ராண்ட காட்டுதுன்னு தெரியலன்னா இன்ஃபர் எக்ஸ்பெரிமென்ட் டூல மனுஷ பேம் ஃபைல் (மேப்பிங்ல கிடைச்ச ஃபைல்) மேல ஓட்டுங்க, அது சொல்ற பதில் பாக்டீரியாவுக்கும் பொருந்தும், ஒரே லைப்ரரி தானே.

இப்ப கையில ரெண்டு தனித்தனி டேபிள் இருக்கணும்.

ஸ்டெப் 7: நார்மலைசேஷன், இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்

அந்த ரெண்டு டேபிளையும் தயவுசெஞ்சு ஒண்ணா ஒட்டி டிஇசீக்2க்கு, அதாவது எந்த ஜீன் ஏறுச்சு இறங்குச்சுன்னு புள்ளிவிவரக் கணக்கு போடுற டூலுக்கு, குடுக்காதீங்க. ஏன்னு ஒரு உதாரண கணக்கு போட்டு பாக்கலாம். 1 மணி நேர சாம்பிள்ல மொத்த ரீட்ல 1 சதவீதம் பாக்டீரியா, 24 மணி நேரத்துல கிருமி பெருகி 20 சதவீதம்னு வச்சுக்குவோம். மொத்த லைப்ரரி சைஸால வகுத்தா கிளமிடியாவோட அத்தனை ஜீனும் சராசரியா 20 மடங்கு ஏறின மாதிரி தெரியும். உண்மையில ஏறினது ஜீன் எக்ஸ்பிரஷன் இல்ல, பாக்டீரியாவோட எண்ணிக்கை. இன்னும் மோசம் என்னன்னா, உண்மையிலயே அடங்கிப்போன ஒரு ஜீன் கூட இந்த பெருக்கத்துல மறைஞ்சு ஏறின லிஸ்ட்ல வந்து உக்காந்துக்கும். மனுஷ பக்கத்துக்கு நேர்மாறா நடக்கும், 99 சதவீதம் 80 ஆகிடுச்சே, அதனால எல்லாம் கொஞ்சம் இறங்கின மாதிரி காட்டும்.

அதனால டிஇசீக்2வ ரெண்டு தடவை ஓட்டுங்க, கிளமிடியா டேபிளுக்கு தனி சைஸ் ஃபேக்டர் (சாம்பிளுக்கு சாம்பிள் ரீட் எண்ணிக்கை வித்தியாசத்த சரிக்கட்டுற எண்), மனுஷ டேபிளுக்கு தனி சைஸ் ஃபேக்டர். மனுஷ பக்கம் ஒப்பிட வேண்டியது தொற்று உள்ள செல் எதிர் அதே மணி நேர கண்ட்ரோல். 1 மணி நேர செல்ல 24 மணி நேர செல்லோட நேரா ஒப்பிட்டா, கிருமியே இல்லாம டிஷ்ல வச்சதாலயே மாறுற ஜீனெல்லாம் தொற்றோட கணக்குல சேந்துடும். கிளமிடியா பக்கம் தொற்று இல்லாத கண்ட்ரோல்னு ஒண்ணு இருக்கவே முடியாது, செல்லுக்கு வெளிய அது வளராதே, அதனால அங்க டைம் எதிர் டைம்தான்.

இதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு. பெரும்பாலான ஜீன் மாறாதுங்கிற நம்பிக்கையிலதான் டிஇசீக்2 கணக்கு போடுது, ஆனா கிளமிடியா ஒரு உருவத்துல இருந்து இன்னொரு உருவத்துக்கு மாறும்போது பாதிக்கு மேல ஜீன் மாறலாம். வர்ற நம்பர ஒரு ஜீன் மத்த கிளமிடியா ஜீன்களோட ஒப்பிடும்போது எவ்வளவு பங்கு எடுத்துக்குதுன்னு படிங்க, ஒரு பாக்டீரியாவுக்குள்ள இத்தனை காப்பின்னு படிக்காதீங்க. ஆரம்ப மணி நேரத்துல ஒரு ஜீனுக்கு பூஜ்யம் வந்தா அது அணைஞ்சிருக்குன்னும் எழுதிடாதீங்க, ரீட் பத்தாம போயிருக்கலாம். பாக்டீரியா பக்கம் ரைபோசோமல் இல்லாத ரீட் 50 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் இருந்தா நல்லதுன்னு பொதுவா சொல்வாங்க, 1 மணி நேர சாம்பிள்ல அது கிடைக்கிறது ரொம்ப கஷ்டம்.

ஸ்டெப் 8: ரிசல்ட்ட படிக்கிறது

அட்ஜஸ்டட் பி வேல்யூ (மாற்றம் தற்செயலா வந்ததா இல்லையான்னு சோதிக்கிற எண்) 0.05க்கு கீழ, லாக்2 ஃபோல்டு சேஞ்ச் 1க்கு மேல, அதாவது ரெண்டு மடங்கு, இப்படி ஆரம்பிங்க. ஆனா லிஸ்ட்ட பாக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஜீன்கள வச்சு டேட்டா சரியா இருக்கான்னு பாத்துடுங்க. இயூஓங்கிற ஜீன், லோகஸ் நம்பர் சிடி446, ஆரம்பத்துலயே வரும், கடைசி கட்ட ஜீன்கள அடக்கி வைக்கிற புரோட்டீன் அது. கடைசி கட்டத்துல ஹெச்சிடி-ஏ அதாவது சிடி743, ஹெச்சிடி-பி அதாவது சிடி046, ஓஎம்சி-பி அதாவது சிடி443 எல்லாம் ஏறணும், முதல் ரெண்டும் டிஎன்ஏவ இறுக்கி சுருட்டறதுக்கு, மூணாவது வெளிச்சவ்வ கெட்டியாக்கறதுக்கு, எல்லாம் எலிமென்டரி பாடி தயாராகறதுக்கான வேலை. 1 மணி நேர சாம்பிள்லயும் இந்த கடைசி கட்ட ஜீன்கள் கொஞ்சம் தெரிஞ்சா பயப்படாதீங்க, போன சுத்துல செஞ்ச ஆர்என்ஏவ எலிமென்டரி பாடி தன்கூடயே உள்ள எடுத்துட்டு வருது.

மனுஷ பக்கம் ஏறின ஜீன் லிஸ்ட்ட ஜி:ப்ரோஃபைலர்ங்கிற டூல்ல போட்டா பாத்வே, அதாவது அந்த ஜீன்கள் சேந்து என்ன வேலை செய்யுதுன்னு, தெரியும். இன்டர்லூக்கின்-8, அதாவது சிஎக்ஸ்சிஎல்8, அப்புறம் இன்டர்லூக்கின்-6 ரெண்டையும் குறிப்பா தேடிப் பாருங்க, தொற்று ஏறின எபிதீலியல் செல் வெளிய விடுற அபாய சிக்னல் அது. கிளமிடியா பக்கம் இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் பாத்வே டூல நம்பாதீங்க, நிறைய ஜீனுக்கு என்ன வேலைன்னே இன்னும் தெரியாது, 900 ஜீன்தானே, உக்காந்து கையால படிங்க.

ரெண்டு டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க ஆசைப்பட்டா இன்டர்ஃபெரான்-காமாங்கிற நோய் எதிர்ப்பு சிக்னல் புரோட்டீன் குடுத்த டேட்டாசெட் ஒண்ண தேடிப் பிடிங்க. அது பட்டதும் மனுஷ செல்லுல ஐடிஓ1ங்கிற ஜீன் ஏறும், அந்த என்சைம் செல்லுக்குள்ள இருக்கிற டிரிப்டோஃபன்ங்கிற அமினோ அமிலத்த சிதைச்சு கிருமிய பட்டினி போடும். கிளமிடியா டேபிள்ல அதே சாம்பிள்ல டிஆர்பி-ஏ, டிஆர்பி-பி ரெண்டும் ஏறுதான்னு பாருங்க, பிறப்புறுப்பு வகைகள் அத வச்சு இண்டோல்ல இருந்து டிரிப்டோஃபன தானே செஞ்சுக்கும், கண் வகைகளுக்கு அந்த வசதி கெட்டுப்போயிடுச்சு. ஹெச்சிடி, ஓஎம்சி ஜீனெல்லாம் இறங்கி இயூஓ மட்டும் மேலயே நின்னா கிருமி சாகாம, பெருகாம, தொடர்தொற்று நிலைக்கு போயிருக்குன்னு அர்த்தம். இன்டர்ஃபெரான் குடுக்காத சாதாரண ஹீலா செல் (லேப்ல வளக்கிற ஒரு மனுஷ செல் வகை) டேட்டாவுல ஐடிஓ1 பெருசா ஏறாது, இன்டர்ஃபெரான்-காமாவ செய்யறது டி செல், என்கே செல் மாதிரி நோய் எதிர்ப்பு செல்லுங்க, டிஷ்ல அதுங்க கிடையாது.