அடிலெய்டு போகும் வழியில் ஹே ஊரில் ஓர் இரவு

சிட்னியிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் கிளம்புகிறவர்கள் பலர் ஒரே மூச்சில் போய்விடப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஏறக்குறைய பாதி வழியில், மர்ரம்பிட்ஜி ஆற்றங்கரையில், ஹே என்ற சின்ன ஊர் இருக்கிறது. தங்க மோட்டலும் உண்டு. ஆனாலும் கூடாரம் போட்டுத் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். அந்தச் சமவெளியின் வானத்தைச் சிட்னியில் வளரும் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில், நேரம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஊருக்குள் வந்துவிடுங்கள். வழியில் வரும் நரான்டெரா ஊரைத் தாண்டினால் நீண்ட நேர்ச்சாலை, சுற்றிலும் வெட்டவெளி. அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலையோரப் புல்லுக்கு வரும். விளக்கு பட்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஜூலையில் ஐந்தரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், சிட்னியை விடியற்காலையிலேயே விட்டாக வேண்டும்.

முதல் தடவை என்றால் கேரவன் பார்க் நல்லது. வெந்நீர், கழிப்பறை, மின்சாரம் எல்லாம் இருக்கும். ஆற்றோரம் தங்குவதானால் கவுன்சில் அனுமதித்த இடத்தில் மட்டும் தங்குங்கள், பலகையில் போட்டிருப்பதை மீறாதீர்கள். ஊர்த் தகவல் மையத்துக்குப் பகலிலேயே போன் செய்து கேட்டுவிடுவது உத்தமம்.

இடம் தேர்வதில்தான் விஷயமே இருக்கிறது. ஆற்றங்கரையில் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் மரங்கள் பெரிது பெரிதாக நிழல் தரும். ஆனால் காற்றே இல்லாத நாளிலும் கிளை முறிந்து விழும் மரம் அது, அடியில் கூடாரம் போடவே கூடாது. அடுத்தது நெருஞ்சி முள். நம் ஊரில் இருக்கும் அதே நெருஞ்சிதான், காற்று மெத்தையை ஒரே இரவில் சப்பையாக்கிவிடும். பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கூடாரம் வரும் இடம் முழுவதும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். அப்புறம் செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். அடியில் நாலைந்து முள் குத்தியிருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். மண் களிமண், காய்ந்தால் கல். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் வளைந்துவிடும், இரும்பு முளைகளும் சுத்தியலும் தனியாக எடுத்துப் போங்கள். மழை வரும் என்றால் மண்பாதையில் இறங்கவே வேண்டாம், சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது.

முதல் ராத்திரி சமைக்காதீர்கள். வீட்டிலிருந்தே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் போதும். குளிர்காலக் காலையில் பியூட்டேன் அடுப்பு சரியாக எரியாது. கேஸ் கேனைச் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு பற்றவையுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். கோடையில் ரூரல் ஃபயர் சர்வீஸ் என்னும் கிராமப்புறத் தீயணைப்புத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு மூட்டவே முடியாது, கேஸ் அடுப்புக்கும் கட்டுப்பாடு உண்டு.

பெட்ரோல், ரொட்டி, பால் எல்லாம் ஹேயிலேயே வாங்குங்கள். இப்படிப்பட்ட ஊர்கள் நமக்கு இடம் கொடுக்கின்றன, நாலு காசு அங்கே செலவழிப்பதுதான் முறை. கிளம்பும் முன் பழைய ரயில் நிலையத்துக்கும் போய்விட்டு வாருங்கள். ஹிட்லருக்குத் தப்பி பிரிட்டனுக்கு ஓடிவந்த யூதர்கள் பலரை, 1940இல் ‘எதிரி நாட்டவர்’ என்று பிரிட்டன் டுனேரா கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பியது. இந்த ஊர் முகாமில்தான் அடைத்து வைத்தார்கள். அந்தக் கதையை இரண்டு ரயில் பெட்டிகளில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த யாழ்ப்பாண நண்பர் அகதியாக வந்தவர். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நின்று பார்த்தார், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக, காய்கறிப் பை. தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டியதும் யம்பாவில், பழங்களைக் கெடுக்கும் பழ ஈ உள்ளே வராமல் தடுக்கச் சோதனைச் சாவடி, 24 மணி நேரமும் இயங்கும். பழம், தக்காளி, பச்சை மிளகாய் எதுவும் உள்ளே போகாது, வைத்திருந்து பிடிபட்டால் அபராதம். அதனால் காலையில் ஹேயிலேயே தக்காளியையும் மிளகாயையும் வதக்கித் தொக்காக்கி, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். வாழைப்பழத்தை வழியில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். அப்படியும் மிச்சம் இருந்தால் சாவடிக்கு முன்னாலேயே தொட்டி வைத்திருக்கிறார்கள், போட்டுவிட்டுப் போங்கள்.