வேலூரில் வீடு விற்கப் போகிறீர்களா? முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

போன சித்திரையில் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டை, அதாவது மாமியார் வீட்டை, விற்றுக் கொடுத்தேன். வாங்க வந்தவர் ஹாலைப் பார்க்கவில்லை. நான் ஆசையாகப் போட்டு வைத்திருந்த ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், "மோட்டாரைப் போடுங்க சார்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் விட்டார். 1,340 என்று காட்டியது. அப்புறம்தான் வீட்டுக்குள் வந்தார்.

இருபத்தேழு வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இந்த ஊரில் விலை பேசுவது தண்ணீரும் வெயிலும்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த சீலிங்குக்கு 85,000 ரூபாய் கொட்டினேன். ஒரு பைசா திரும்பவில்லை. அத்தை இன்றும் குத்திக் காட்டுவார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். அந்தப் பேனா டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்ல தண்ணீர், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. பாலாறு பக்கத்திலேயே இருந்தாலும் நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு தெருவுக்குத் தெரு மாறும். அதை மறைக்க முடியாது. போர் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, வைகாசியில் எவ்வளவு நேரம் ஓடும், மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும், சம்ப் எத்தனை லிட்டர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கேட்பதற்கு முன் நீங்களே நீட்டினால் பேரத்தில் பாதி சந்தேகம் அடங்கிவிடும்.

அடுத்து அந்த உப்பு செய்து வைத்திருக்கும் வேலை. குழாய் மூக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஷவரில் பாதி ஓட்டை அடைத்துப்போய், திறந்தால் தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிவிடும். வருகிறவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான். வினிகரில் நனைத்த துணியை ஒரு ராத்திரி சுற்றி வைத்தால் பாதி போகும். முலாம் உரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஐந்து குழாய், இரண்டு ஷவர் மாற்ற எனக்கு 6,200 ரூபாய் ஆனது. விற்பதற்காகச் செய்த செலவில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மொட்டை மாடியை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். கசிந்த இடத்தில் பட்டி போட்டு பெயின்ட் அடித்து மறைப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பூச்சு விட்டிருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். கசிவு பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலோ மழைத்தண்ணீர்க் குழாயின் வாயிலோதான் ஆரம்பிக்கும். அங்கே சரி செய்துவிட்டு, குழாய் வாயை அடைத்து, மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே ஈரம் தெரியவில்லை என்றால் தைரியமாகச் சொல்லலாம். மேலே வெள்ளைக் கூலிங் டைல் பதித்திருந்தால் வாங்குபவரை மத்தியானம் மூன்று மணிக்கே வரச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் மேல் அறை தாங்குகிறது என்பதை அவர் உடம்பே சொல்லும், நீங்கள் பேச வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் இருந்தால், கசிவை மூடத்தான் போட்டிருக்கிறீர்களோ என்று நினைப்பார்கள். என்னிடம் நேராகவே கேட்டார்கள்.

மாடுலர் கிச்சன், டிவி சுவருக்குப் பேனல் எல்லாம் உங்களுக்குப் பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள், விலையில் சேர்க்காதீர்கள். ஆனால் வெளிப்பக்கம் படிக்கட்டு, மாடிக்குத் தனி மின்மீட்டர் இருந்தால் அதற்குக் காசு உண்டு. பாகாயம், தொரப்பாடி பக்கம் சிஎம்சி மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள், காட்பாடி பக்கம் விஐடி மாணவர்கள் என்று மேல் போர்ஷனுக்கு ஆள் கிடைத்துவிடும். ஹாலுக்குள்ளேயே அழகாக வளைந்து ஏறும் படிக்கட்டுக்கு அந்த வாடகை வராது.

இனி விலை. தரகர் சொல்வதையோ பக்கத்து வீட்டார் கேட்பதையோ வைத்துப் போடாதீர்கள். தெருவில் கடைசியாகக் கைமாறிய மனை எவ்வளவுக்குப் போனது என்று விசாரியுங்கள். அத்தை வீட்டு மனை 1,200 சதுர அடி. அடி 3,200 என்று வைத்தால் 38.4 லட்சம். கட்டடம் 1,050 சதுர அடி, இன்றைக்குக் கட்டினால் அடிக்கு 2,200 என்று 23.1 லட்சம். கட்டி இருபது வருஷம் ஆகிறது. அறுபது வருஷ ஆயுள் என்று கொண்டு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 15.4 லட்சம். ஆகமொத்தம் 53.8. மனைக்கு வயசாகாது, கட்டடத்துக்கு ஆகும். "நான் போட்ட தேக்கு, நான் போட்ட கிரானைட்" என்பதெல்லாம் அந்தக் கழிவுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் 53.8 கிடைக்கவில்லை. மாமனார் மாடியில் 350 சதுர அடி எழுப்பியபோது பிளான் அனுமதி வாங்கவில்லை. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 52 லட்சத்துக்கு இறங்கினேன். பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்து, இவற்றோடு பிளானையும் ஆளைத் தேடுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

வாங்குபவர் பக்கத்துக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் அவர் தலையில். 52 லட்சத்துக்கு 4.68 லட்சம். "கையில் 50 இருக்கு" என்று ஒருவர் சொன்னால், பதிவுச் செலவு போக வீட்டுக்கு அவர் தர முடிவது 46 லட்சத்துக்கும் சற்றுக் குறைவுதான்.

டிடிஎஸ் இன்னொன்றும் உண்டு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். அதற்குப் பயந்து விலையைக் குறைக்க வேண்டாம், அது உங்கள் வரியிலேயே கழியும். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். எங்களுக்கு 52,000 ரூபாய் இரண்டு மாதம் ஏறவே இல்லை. கடைசியில் பார்த்தால், தண்ணீரை அவ்வளவு கவனமாக அளந்த மனிதர் அத்தையின் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார்.